கதவைத் திறக்கும் முன்பே அறையைச் சொல்லுங்கள்
ஏனாத்தூர் வட்டாரக் கப்பல் பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய அரசின் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகம், சென்னைத் துறைமுக ஆணையம், தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறை, சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் இயக்குவோர், அதற்கான டிக்கெட்டை எங்கள் ஊர்களில் விற்கும் முகவர்கள்.

ஏனாத்தூரிலிருந்தும் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களிலிருந்தும் சென்னைத் துறைமுகம் போய்ச் சொகுசுக் கப்பல் ஏறியவர்கள் நாங்கள். எங்களில் தறிக்காரர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆசையாக எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் போன அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். சீட்டுப் பணம் எடுத்துக் குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கடலைப் பார்த்தோம், மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுத்து ஏறப்போகிறவர்களுக்கு அது முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பதன் சாரம் இது. எந்த அறையில் படுக்கப்போகிறோம், எப்படிக் கப்பலில் ஏறப்போகிறோம் என்பது பணம் கட்டும் முன்பே எங்களுக்குத் தமிழில், எழுத்தில் தெரிந்தாக வேண்டும். மற்ற கோரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

தமிழர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஓடியது. அதில் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் டெக் பயணிகள். அறை என்பது காசுள்ள சிலருக்கு. மற்றவர்களுக்குத் தளத்தில் விரித்த பாய். அன்று டெக் டிக்கெட் வாங்கியவருக்கு அறை கிடையாது என்பது வாங்கும்போதே தெரியும். இன்று அறைக்கே பணம் வாங்குகிறார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட அறை என்பது கதவைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. இதைத்தான் ஏற்க முடியவில்லை.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு ஜூன் 5 அன்று இலங்கைக்குப் போகும் சொகுசுக் கப்பலை ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பினார். அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போகும் பயணம். 2024 செப்டம்பர் 30 அன்று ‘குரூஸ் பாரத் மிஷன்’ அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்குவது அதன் இலக்கு. அந்த இரு மடங்கில் எங்களைப் போன்ற முதல் தலைமுறைச் சுற்றுலாப் பயணிகள்தான் அதிகம் இருப்பார்கள். கப்பல் சொல்வழக்கு தெரியாத, ஆங்கிலப் படிவம் நிரப்பப் பழகாத அவர்களை நினைத்து விதி எழுத வேண்டிய நேரம் இது.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகளைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். ஊரே படிக்கும் இடத்தில், ஊர் பேசும் மொழியில். ஆயிரம் ஆண்டுக்கு முன் முடிந்த அந்த வேலையைத்தான் டிக்கெட் விற்பவர்களிடம் கேட்கிறோம்.

பணம் கட்டும் முன்

முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் பால்கனி இருக்கும், நாற்காலி இருக்கும், அதற்கப்பால் நீலக் கடல் இருக்கும். நாம் கட்டும் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்டீரியர் அறை. அதற்கு ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. ஜன்னல் உள்ளது ஓஷன் வியூ. அதிலும் சில அறைகளில் கண்ணாடிக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கிக் கடலை மறைக்கும். அதற்கு மேல் பால்கனி, அதற்கும் மேல் ஸ்வீட். இந்த நான்கு சொற்களின் பொருளையும் தெளிவாகச் சொன்ன பிறகே யாரிடமும் பணம் வாங்க வேண்டும்.

அளவும் சொல்லப்பட வேண்டும். சொகுசுக் கப்பல்களின் உள்ளறை பொதுவாக 120 முதல் 160 சதுர அடிக்குள் இருக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டித்தரும் வீடு 360 சதுர அடி. அதில் பாதி கூட இல்லாத இடத்தில் நான்கு பேர் இருந்தாக வேண்டும் என்று தெரிந்தால் ஒரு குடும்பம் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளும். நான்கு பேர் அறையில் இருவருக்குக் கீழே கட்டில். மற்ற இருவருக்குச் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்படுக்கை. அதற்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரரிடம் இதை முன்கூட்டிச் சொல்லாமல் டிக்கெட் விற்பது தவறு என்று நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம்.

ஆகவே ஒவ்வொரு அறை வகைக்கும் தமிழில் ஒரு பக்க விவரத்தாள் வேண்டும். எந்தத் தளம், கப்பலின் முன்பக்கமா நடுவா பின்பக்கமா, எத்தனை சதுர அடி, எத்தனை கட்டில், எத்தனை மேல்படுக்கை, ஜன்னல் உண்டா, ஜன்னலை எதுவும் மறைக்கிறதா, குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம், மேலேயோ கீழேயோ ஆட்ட அரங்கமோ எந்திரச் சத்தமோ இருக்கிறதா என்பவை அதில் இருக்க வேண்டும். நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் இருக்கும் அறை குறைவாக ஆடும், முன்முனையில் இருப்பது அதிகம் ஆடும் என்பது கப்பல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தலைச்சுற்றல் உள்ளவருக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. விவரத்தாளில் வைக்கும் படம் அந்த வகை அறையின் படமாகவே இருக்க வேண்டும்.

அறை எண்ணைப் பிறகு தருகிறோம் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கும் முறையும் இருக்கிறது. விற்கட்டும். ஆனால் ஒரே குடும்பம் இரண்டு அறை எடுத்து, பாட்டி ஒரு தளத்திலும் பேரப்பிள்ளைகள் இன்னொரு தளத்திலும் போய்ச் சேரக்கூடும் என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகு விற்கட்டும்.

விலையில் ஒளிவு வேண்டாம். விளம்பரத்தில் வருவது ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர்களுக்கான சேவைத்தொகை எல்லாம் அதற்கு மேல். முதல் முறை சொல்லும் தொகையே கடைசியாகக் கட்டும் தொகையாக இருக்க வேண்டும். கப்பலுக்குள் எதற்கெல்லாம் தனிக்காசு என்ற பட்டியலும் அதோடு வர வேண்டும்.

தனியாகப் போகிறவர் இரண்டு பேர் கட்டணத்தையோ அதற்கு நெருக்கமானதையோ கட்ட வேண்டியிருக்கிறது. கணவரை இழந்த பெண்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். காசி யாத்திரை என்றால் குழுவோடு போய்விடுகிறார்கள். கப்பல் என்றால் இந்தக் கட்டணத்துக்காகவே பின்வாங்குகிறார்கள். தனியாக வரும் பெண்கள் விரும்பினால் இன்னொரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொண்டு ஒரு ஆள் கட்டணம் மட்டும் கட்ட வழி செய்ய வேண்டும்.

இன்ஷியல்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இன்ஷியல். ஆதாரில் இன்ஷியல் பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். முன்பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. முகவர் எதையோ நிரப்பிவிடுகிறார். ஏறும் நாளில் கவுன்ட்டரில் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் பெரியவர்கள் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல நிற்கிறார்கள். இன்ஷியல் மட்டும் உள்ள பெயரை அப்படியே ஏற்கும் படிவம் வேண்டும். இன்ஷியல் வேறுபாட்டால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கரையோரப் பயணத்துக்கு எந்த அடையாள அட்டை போதும், இலங்கை போன்ற வெளிநாட்டுத் துறைமுகம் தொடும் பயணத்துக்கு எது கட்டாயம் என்பதும் டிக்கெட்டிலேயே தமிழில் இருக்க வேண்டும்.

ஏறும் நாள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாக வரும் மின்சார ரயில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை போகிறது. அந்த நிலையம் ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இவ்வளவு வசதியாக வந்து இறங்கியும் எந்த வாசல், எந்தப் பக்கம் என்று தெரியாமல் பெட்டிகளோடு சாலையோரம் நிற்கிறோம். துறைமுகம் பாதுகாப்பு வளாகம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பது. நினைத்தபடி உள்ளே நடக்க முடியாது. அது சரியான ஏற்பாடுதான். அதனால்தான் கேட்கிறோம்: கப்பல் புறப்படும் நாள்களில் கடற்கரை நிலைய வாசலிலிருந்து பயணிகள் முனையம் வரை, தாழ்தளப் பேருந்து ஒன்று கட்டணமின்றி ஓட வேண்டும். நிலையத்திலும் சாலையிலும் தமிழில் வழிகாட்டிப் பலகைகள் வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாய் செலவில் கட்டிய பன்னாட்டுச் சொகுசுக் கப்பல் முனையம் 2023இல் திறக்கப்பட்டது. கட்டடம் வந்ததில் மகிழ்ச்சி. அங்கே பயணிக்கு வேண்டியவை எளிமையானவை. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, தமிழ் பேசும் ஒரு ஆள், வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் பலகை. எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் வரவேண்டிய நேரம் குறிக்கப்பட்டால் கூட்டம் தானே கலையும். 60 வயது கடந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தனி வரிசை வேண்டும்.

பெட்டியைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு, சீட்டு ஒட்டி, பிறகு அறை வாசலில் கொண்டுவந்து வைப்பது கப்பல் வழக்கம். இது முதல் முறை போகிறவருக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரையையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை அதற்காகக் காத்திருப்பார். மருந்து, கண்ணாடி, மாற்றுத்துணி, அடையாள அட்டை இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி தமிழில் முன்கூட்டி வந்தால் போதும். கற்பூரம், ஊதுவத்தி, தீப்பெட்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைத் தீ அபாயத்தால் கப்பலில் அனுமதிப்பதில்லை. பூஜைப் பையிலிருந்து அவற்றை எடுத்துப் போடும்போது வயதானவர்கள் மனம் நோகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

கர்ப்பகாலம் 24 வாரம் தாண்டிய பெண்களைப் பல சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. இந்த விதியை ஒரு குடும்பம் துறைமுக வாசலில் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. விற்கும்போதே கேட்டு உறுதிசெய்வது முகவரின் பொறுப்பு. தவறினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

அறைக்குள்

ரயிலில் 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கப்பலிலும் அதே ஏற்பாடு வேண்டும். மூத்த பயணி உள்ள அறையில் அவருக்குக் கீழ்க்கட்டில் உறுதி என்று டிக்கெட்டில் அச்சிடப்பட வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சரியான குளிர்பெட்டி வேண்டும். அறையில் இருக்கும் சிறு பெட்டி பானத்தைக் குளிர்விக்கப் போதுமாக இருக்கலாம். மருந்துக்கு அதை நம்ப முடியாது. கேட்பவர்களுக்கு மருத்துவ அறையிலாவது இடம் கொடுக்க வேண்டும். உறிஞ்சும் கழிவறையை எப்படிப் பயன்படுத்துவது, ஏ.சி.யை எப்படிக் குறைப்பது, அவசரத்துக்கு எந்த எண்ணை அழுத்துவது என்பவை தமிழ் எழுத்திலும் படத்திலும் அறைச் சுவரில் இருக்கட்டும்.

கொடுத்த அறை விவரத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, தண்ணீரோ ஏ.சி.யோ நின்றாலோ, வேறு அறை தர வேண்டும். அறை இல்லையென்றால் வித்தியாசத் தொகையைத் திருப்ப வேண்டும். ஏ.சி. பெட்டியில் ஏ.சி. வேலை செய்யாவிட்டால் கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தரும் விதி ரயில்வேயில் இருக்கிறது. கப்பலுக்கும் அப்படி ஒரு விதி எழுதுவது பெரிய காரியம் அல்ல.

சக்கர நாற்காலிக்கு வழி

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 44ஆவது பிரிவில், ரயில் பெட்டி, பேருந்து, விமானம் ஆகியவற்றோடு கப்பலையும் பெயர் சொல்லிக் குறித்தது. அதன் கழிப்பறையும் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டத்தின் 41ஆவது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று எண்ணிச் சொல்கிறது. துறைமுகம் அந்த வரியில் இல்லை. எல்லாப் போக்குவரத்து முறைகளும் என்ற பொதுச் சொல்லுக்குள் கப்பல் அடங்கும் என்பது எங்கள் வாசிப்பு. வாசிப்பை நம்பி ஒருவர் கப்பல் ஏற முடியாது. துறைமுக முனையமும் பயணிகள் கப்பலும் அடங்கும் என்று விதியில் பெயரோடு எழுதுங்கள்.

கரைக்கும் கப்பலுக்கும் இடையே போடும் ஏறுபாலம் சரிவாக இருக்கும். படிகளாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தூக்கப்படுகிறவரின் மானத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னை முனையத்தில் சரிவுப் பாதை உள்ள ஏறுபாலம் வேண்டும். அகலக் கதவும் வாசற்படி இல்லாத குளியலறையும் கொண்ட அறைகள் எத்தனை உள்ளன என்பது விற்பனையின்போதே தெரிய வேண்டும். அவை தேவைப்படுவோருக்கு முதலில், கூடுதல் கட்டணம் இல்லாமல் தரப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள கடல் பயணிகள் விதி, துறைமுகத்திலும் கப்பலிலும் இந்த உதவியை இலவசமாகத் தரச் சொல்கிறது. சொகுசுக் கப்பலுக்கும் அது பொருந்தும்.

உயிர் காக்கும் பயிற்சி தமிழில்

எங்கள் கோரிக்கைகளில் ஒன்றே ஒன்றை உடனே நிறைவேற்ற முடியும் என்றால் இதை நிறைவேற்றுங்கள் என்போம்.

1985 பிப்ரவரி 12 அன்று வங்கக் கடலில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். ரஜூலாவுக்குப் பின் சென்னைக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல் அது. தமிழ்க் குடும்பங்கள் நம்பி ஏறிய கப்பல். அதன்பின் அந்த வழித்தடமே நின்றுபோனது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அதுவரை தரப்படவில்லை. மறுநாள் தருவதாக இருந்தது. அதற்குப் பிறகே பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

பயிற்சி நடக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கிறது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு மேலங்கி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறார்கள். எங்கள் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ்நாட்டுத் துறைமுகத்தில் தமிழரை ஏற்றிக்கொண்டு புறப்படும் கப்பல், உயிர் காக்கும் வழியைத் தமிழில் சொல்லாமல் நகரக் கூடாது. அறைக் கதவின் பின்புறம் ஒட்டும் தப்பிக்கும் வரைபடமும் தமிழில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கூடுமிடத்திலும் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் நிற்க வேண்டும். சென்னைத் துறைமுக ஆணையம் நினைத்தால் அனுமதி நிபந்தனையாகவே இதைச் சேர்க்கலாம்.

பயணம் மாறினால்

2022 ஜூனில் சென்னையிலிருந்து போன சொகுசுக் கப்பல் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நிற்க நேர்ந்தது. புயலோ அரசு முடிவோ எதுவானாலும், ஒரு துறைமுகம் விட்டுப்போனால் அந்தத் துறைமுகத்துக்கென வாங்கிய கட்டணத்தைப் பயணி கேட்காமலே திருப்ப வேண்டும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணம் பெறலாம். கப்பலுக்கும் ஒரு மணிக்கணக்கு வகுத்து டிக்கெட்டில் அச்சிடுங்கள்.

அந்தமான் கப்பலையும் சேர்த்தே

சொகுசுக் கப்பலுக்கு மட்டும் கேட்டுவிட்டு நின்றால் நாங்கள் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். எம்.வி. நான்கௌரி, எம்.வி. ஸ்வராஜ் தீப் போன்ற அரசுக் கப்பல்கள் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே, சுமார் 1,200 கி.மீ. கடலைக் கடக்கின்றன. இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அவற்றில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அல்லர். அங்கே குடியேறி வாழும் தமிழர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவர்கள். பலர் பங்க் வகுப்பில், பொதுக்கூடத்தில் வரிசையாக அடுக்கிய படுக்கைகளில் போகிறார்கள். இந்தச் சாசனத்தில் அறை பற்றி எழுதிய ஒவ்வொன்றும் அந்தப் படுக்கைக்கும் பொருந்த வேண்டும். பெண்களுக்குத் தனிப்பகுதி, கழிப்பறைச் சுத்தம், மூத்தவர்களுக்குக் கீழ்ப்படுக்கை, தமிழில் பயிற்சி எல்லாம் அங்கேதான் முதலில் வர வேண்டும். குறைந்த கட்டணம் கட்டியவருக்குக் குறைந்த பாதுகாப்பு என்ற கணக்கை டெக் பயணிகள் காலத்தோடு விட்டுவிடுவோம்.

முறையிடும் இடம்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். தொலைதூர நகரத்து நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும் என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சிட்டுப் பயணிகளை மிரட்டக் கூடாது. அந்த வரியை எடுத்துவிட்டு, உள்ளூரிலேயே முறையிடலாம் என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். முனையத்தில் ஒரு முறையீட்டு மேசை, கப்பல் திரும்பும் நாளிலும் திறந்திருக்க வேண்டும். கொடுத்த புகாருக்கு எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும்.

அமைச்சகம், துறைமுக ஆணையம், சுற்றுலாத் துறை, கப்பல் இயக்குவோர் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து, எங்களைப் போன்ற பயணிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் கூட்டி, அறை விவரத்தாளின் மாதிரியையும் தமிழ்ப் பயிற்சி உரையையும் அடுத்த பயணக்காலம் தொடங்கும் முன் இறுதிசெய்ய வேண்டும். விவரத்தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற வரைவை நாங்களே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறோம். அதில் எதைச் சேர்க்கலாம், எதை ஏற்க இயலாது, ஏன் இயலாது என்று வரிவாரியாகப் பதில் கேட்கிறோம்.

இவண்,
ஏனாத்தூர் மற்றும் சுற்றுவட்டார ஊர்களின் கப்பல் பயணிகள்,
காஞ்சிபுரம் மாவட்டம்